கைச்சந்தனம்

முதலில் ஒரு பிழையைத் திருத்திவிட வேண்டும். வாசனைத் திரவியக் கடைகளில் மேற்கிந்தியச் சந்தனம் என்ற பெயரில் சிறு புட்டிகளில் விற்கப்படும் எண்ணெய் சந்தனத்திலிருந்து எடுக்கப்படுவதல்ல. அதைத் தரும் செடிக்கும் சந்தன மரத்துக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது, ஒன்றையொன்று முகம் பார்த்ததுகூட இல்லை. தாவர நூலார் அந்தச் செடியை அமிரிஸ் என்ற பேரினத்தில் வைத்து, அந்தப் பேரினத்தை எலுமிச்சைக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆக அது எலுமிச்சைக்கும் நாரத்தைக்கும் விளாவுக்கும் கறிவேப்பிலைக்கும் பங்காளி. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் புதர், வெள்ளை வெள்ளையாகப் பொடிப்பூ, கீறினால் பிசின். அந்தப் பிசின் தண்டு முழுக்க ஊறிக் கிடப்பதால் அப்போதுதான் ஒடித்த பச்சைக் கொம்புகூட எண்ணெயில்லாமல் தீப்பந்தம்போல எரியும், அதன் சொந்தத் தீவுகளில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் அதைத்தான் கொளுத்திக்கொண்டு போனார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று சிலருக்குத் தோன்றலாம். சந்தனம் என்று நினைத்துக்கொண்டதால் செவல்மடையில் ஒரு மனிதன் செத்தான். பேரினங்களைக் குழப்பிக்கொள்வது விளையாட்டல்ல.

செவல்மடை என்ற ஊர் மலையின் மழை எட்டாத பக்கத்தில் இருக்கிறது. வடக்குவளவு, தெற்குவளவு என்று இரண்டு பங்காளிக் கூட்டங்கள். இரண்டுக்கும் குலசாமி ஒன்று, சுடுகாடு ஒன்று, கண்மாய் ஒன்று, கண்மாய்க்கு மடை ஒன்று. சாமியை ஆளுக்கொரு நாள் கும்பிட்டுக்கொள்ள முடிந்தது, சுடுகாட்டில் யாரும் முந்தப் பார்ப்பதில்லை, மடையில்தான் முறை வைக்க முடியவில்லை. முறை என்றால் முதலில் யார் என்று வரும், முதலில் யார் என்று வந்தால் அரிவாள் வரும், அரிவாள் வந்த பிறகு தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடி வீணாகும். இப்படித்தான் ஒரு புரட்டாசிக் காலையில் தெற்குவளவு மொக்கராசு, மடைப்பலகையைத் தூக்கக் குனிந்த வடக்குவளவுச் சோலையைப் பின்கழுத்தில் வெட்டினான். சோலை பிடித்த பலகையை விடாமலே விழுந்ததால் பலகையும் அவனோடு வந்தது, தெற்கு வயல்களுக்கு அன்று கொஞ்ச நேரம் சிவப்பாகத் தண்ணீர் பாய்ந்தது, அந்தப் போகத்தில் விளைச்சல் குறையவில்லை.

மறுநாள் விடிந்தபோது சோலை விழுந்த இடத்தில் இடுப்பளவுக்கு ஒரு செடி பூத்து நின்றது. கடலுக்கு அப்பாலுள்ள செடி விதையில்லாமல், கப்பலில்லாமல் செவல்மடைக்கு எப்படி வந்தது என்பதற்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன, மூன்றும் தவறு. நான்காவதாக ஒன்று இருக்கிறது, அது இன்னும் தவறு. செடி வந்தது. அதே விடியலில் மொக்கராசின் வலது கை மணக்கத் தொடங்கியது. அவன் மனைவி புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினாள். மண்ணெண்ணெய் வாடை மத்தியானத்துக்குள் போய்விட்டது, மற்றது இருந்தது. ஊர் ஆச்சரியப்படவில்லை. நடவு நடந்துகொண்டிருந்தது, ஆச்சரியப்பட ஆள் பற்றாக்குறை. வயலுக்குப் போகிற வழியில் பெண்கள் செடியின் பிசினை விரலில் தொட்டு முகர்ந்து சந்தனம் என்றார்கள், மொக்கராசின் கையும் அதே மணம் என்றார்கள், கைச்சந்தனம் என்று பெயர் விழுந்துவிட்டது.

வெட்டுப்பட்டவன் விழுந்த இடத்தில் செடி, வெட்டியவன் கையில் மணம் என்பது அடுத்தடுத்த வெட்டுகளில் உறுதியாயிற்று. சோலைக்காக மொக்கராசைக் கொல்லப் போன இருவரையும் மொக்கராசே முந்திக்கொண்டான், ஒருவனைக் கரும்புத் தோட்டத்தில், இன்னொருவனைச் சலூன் நாற்காலியில், பாதி முகத்தில் நுரையோடு. சலூன் தரையின் சிமெண்டைப் பிளந்துகொண்டு வந்த செடியில் சலூன்காரர் இன்றைக்கும் துண்டு காயப்போடுகிறார். காவல் நிலையத்திலிருந்து வந்த அதிகாரி மொக்கராசின் கையை முகர்ந்துவிட்டு என்ன சோப்பு என்று கேட்டார். வழக்கு நடந்த இடத்தில் வாசனையைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வழியில்லை என்றார்கள். ஆகவே ஊர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது.

பார்த்துக்கொண்ட விதம் இது. முன்பெல்லாம் வடக்கில் ஒருவன் செத்தால் தெற்கில் கையில் அகப்பட்டவனை வெட்டுவார்கள். பேருந்துக்கு நின்ற வாத்தியார், விடுமுறைக்கு வந்த மருமகப்பிள்ளை, ஒரு தடவை பெயர் ஒன்றாக இருந்த தோஷத்துக்காக ஒரு பால்காரர். இப்போது மணக்கிற கையை மட்டும் தேடி வெட்டினார்கள். கொலைகள் குறைந்தனவா என்றால் இல்லை, திருத்தமாயின. செத்தவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை மணக்கிற கையைத் தொடக்கூடாது என்று முறை வைத்தார்கள், அதுவரை அந்தக் கைக்கு உரிய மரியாதை உண்டு. பதினாறு கழிந்து பழி முடித்த பிறகு, செத்தவன் செடியைப் பச்சையாகவே கொளுத்துவார்கள், அது திரியில்லாமல் தைலமில்லாமல் மளமளவென்று எரியும், அது எரிந்து முடிந்தால் கணக்கு முடிந்தது, எரிக்காத செடி நின்றால் பாக்கி நிற்கிறது என்று பொருள். மொக்கராசின் மூன்று செடிகளும் நின்றன. அவனைக் கொல்லப் போக மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை.

முகர்ந்து தீர்ப்புச் சொல்ல ஒரு மூக்கு வேண்டும் என்று வந்தபோது, ஊர் அரியநாயகத்தைத் தேர்ந்தெடுத்தது. அவர் வாழ்நாள் முழுக்க மூக்குப்பொடி விற்றவர், விற்றதற்குச் சமமாகப் போட்டவர். அவ்வளவு உழைத்த மூக்குக்கு அனுபவம் இருக்கும் என்று நினைத்தார்கள். கை மணக்கிறதா இல்லையா என்பதுவரை அவருக்குத் தெரியும். அதற்கு மேல் நுணுக்கமெல்லாம் அந்த மூக்கை விட்டுப் போய் வெகுகாலமாகியிருந்தது.

போகப்போக மணம் மரியாதையாயிற்று. ஆள் கொன்ற கை மணக்கிற வீட்டில் வரப்பைத் தள்ளிப்போட ஒருவனும் துணியமாட்டான், அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊரில் கண் கலங்கவிடமாட்டார்கள். டீக்கடை பெஞ்சில் வாசக்காரர் வந்தால் மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள், பேருந்தில் நடத்துநர் அவர்களிடம் சில்லறை கேட்பதை விட்டார். கல்யாண வாசலில் சந்தனக் கும்பா வைப்பது நின்றுபோயிற்று, இரண்டு மணமும் குழம்பிவிடும் என்பதால். பன்னீர், கல்கண்டு மட்டும். பதிலாக அரியநாயகம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களின் வலது கையை வாங்கி முகர்ந்து, மணந்தால் உள்ளே நல்ல இடம், இல்லையென்றால் பந்தலில் வெயில் படுகிற பக்கம் என்று கை காட்டினார். மரியாதை வந்த இடத்தில் போலி வரும் என்று அரியநாயகத்துக்கே தோன்றி அதற்கொரு சோதனையும் கண்டுபிடித்தார்: எலுமிச்சம்பழம். மீன் கவிச்சியைப் போக்குகிறது, பித்தளைக் களிம்பைப் போக்குகிறது, கண்ணேற்றைக்கூடப் போக்குகிறது; பொய் மணத்தைப் போக்காதா. எலுமிச்சையைப் பிழிந்து தேய்த்துக் கழுவினால் தடவிய பிசின் போய்விடும், வெட்டிய மணம் நிற்கும் என்றார். அந்தச் சோதனையில் ஒருவர்கூடத் தோற்றதில்லை, அதை ஊர் தன் யோக்கியதைக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டது. தடவிய பிசின் வெறும் தண்ணீரில் சில நாளில் தானே போய்விடும் என்பதும், எலுமிச்சை பட்டால் அந்த ஊரில் இல்லாத வழக்கமாகப் பங்காளியும் பங்காளியும் கட்டிக்கொண்டு தோலுக்குள் இறங்கி ஆயுசுக்கும் நிற்கும் என்பதும் ஒருவருக்கும் தெரியாது. செடியைச் சந்தனம் என்றல்லவா நினைத்திருந்தார்கள்.

தெற்குவளவில் தவசி என்றொருவன் மாவு மில் வைத்திருந்தான். கோழி அறுக்கவே வேறு ஆளைக் கூப்பிடுகிறவன். புருவத்திலும் காது மடலிலும் எப்போதும் வெள்ளை படிந்திருக்கும். ஊரில் பெரியவர், சின்னவர் எல்லோரும் அவனை ஏ மாவு என்றுதான் கூப்பிடுவார்கள், அவனும் அதற்குத்தான் திரும்புவான். அவன் மனைவி விருமாயி, இருவருக்கும் ஒரே மகள் பவுனு. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பவுனைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு எல்லாம் பிடித்துப்போயிற்று. கிளம்பும்போது மாப்பிள்ளையின் பெரியம்மா வாசலில் செருப்பைக் காலால் தேடிக்கொண்டே, "உங்க வீட்ல யாருக்கும்மா மணக்கும்?" என்று கேட்டாள்.

"நிச்சயத்துக்கு வாங்க மதினி, அவரே வாசல்ல நின்னு கும்பிடுவாரு" என்றாள் விருமாயி.

நிச்சயத்தன்று காலையில் அவள் மடையோரத்துச் செடியிலிருந்து எடுத்து வந்த பிசினை விளக்கெண்ணெயில் குழைத்து, துணியில் தோய்த்து, தவசியின் கையை மடியில் இழுத்து வைத்து மணிக்கட்டுவரை தேய்த்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள்தான்யா. கையை ஆட்டாத."

"யாரை வெட்டுனேன்னு கேட்டா என்னடி சொல்றது?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க. கேட்டா இருமு."

கேட்டார்கள். தவசி இருமினான். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். செய்ததைச் சொல்லிக் காட்டாத மனுஷன், ஆழமான ஆள் என்று பெரியம்மா பந்தியில் இரண்டு பேரிடம் சொன்னாள். வந்தவர்கள் போன பிறகு, மரியாதைக்குக் கொடுத்ததில் மிஞ்சிய எலுமிச்சம்பழங்களை விருமாயி தாம்பாளத்தோடு கொல்லைக்கு எடுத்துப்போய் அவன் கையில் பிழிந்தாள்.

"போயிருச்சா?"

"கூடுன மாதிரி இருக்கு."

"உன் மூக்குல மாவு. இன்னொன்னு பிழியிறேன், காட்டு."

தாம்பாளம் காலியானது. விடிந்தால் போய்விடும் என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் துலக்கப் போனாள்.

மறுநாள் காலையில் கண்மாய்க்கு மேற்கே கருவேலங்காட்டில் ஆடுகள் மேயாமல் ஒதுங்கி நின்ற இடத்தில் வடக்குவளவுக் கருத்தமலையைக் கண்டுபிடித்தார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். செத்து நாலைந்து நாளாகியிருந்தது. கழுத்து பாதி அறுந்து, வயிறு ஊதி, விலாவெலும்புகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்த செடி தலையளவுக்கு வளர்ந்து அவன்மேல் பூ உதிர்த்துக்கொண்டிருந்தது. வெட்டியவன் மொக்கராசு. காரணம் பெரிதில்லை, ஒரு கிடாய் விஷயமாக வந்த பேச்சு. ஆனால் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் ஆண்கள் எல்லோரையும் கூட்டி வைத்துக் கையை நீட்டச் சொன்னபோது, ஏற்கெனவே மூன்று செடி மணக்கிற கையில் நான்காவதைப் பிரித்தறிய அரியநாயகத்தால் முடியவில்லை, பழைய வாசக்காரர்கள் எல்லோரையும் வழக்கமான தலையசைப்போடு அனுப்பிவிட்டார். போன மாதம்வரை மணக்காமல் இன்று மணக்கிற கையைத்தான் தேடினார். வரிசையின் கடைசியில் அது கிடைத்தது.

"ஏ மாவு" என்றார் அரியநாயகம். பிறகு இருமிக்கொண்டு, "தவசி" என்றார்.

கருத்தமலையின் தம்பி பெத்தணன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து தவசியை வெகுநேரம் பார்த்தான். "தவசியண்ணே" என்றான். "பதினாறு முடியட்டும்ணே."

அந்தப் பதினாறு நாளும் செவல்மடை மாவு மில்லில் சண்டைச் சத்தமே இல்லை. முன்பு என் கம்பை ஏன் கொரகொரவென்று அரைத்தாய் என்று தகரத்தைத் தூக்கி வீசியவர்கள் வரிசையில் நின்றார்கள். டீக்கடையில் தவசிக்குப் பெஞ்சின் நடு இடம் கிடைத்தது, கடைக்காரர் கிளாஸைக் கழுவிவிட்டு இன்னொரு தடவை கழுவினார். வடக்குவளவுப் பிள்ளைகள் சைக்கிளிலிருந்து இறங்கி நடந்து அவனைக் கடந்தார்கள். தவசி புருவத்து மாவைத் துடைக்கத் தொடங்கினான். வெள்ளைச் சட்டை எடுத்துத் தைக்கக் கொடுத்தான். விருமாயி முதல் சில நாள் அழுதாள், பிறகு மில்லுக்கே வந்து மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலெடுத்துக் கேட்டாள்:

"பிசினுன்னு சொல்லப் போறியா, இல்ல நான் சொல்லவா?"

"சொல்லி?"

"உசுரு மிஞ்சும்."

"மிஞ்சி? மறுபடியும் ஏ மாவுவா?" அவன் கல்லைத் தட்டிப் பார்த்தான். "இருபது வருஷமா இங்க நிக்கிறேன் விருமா. எம் பேரு தவசின்னு எனக்கே மறந்துபோச்சு. அன்னிக்கு பெத்தணன் தவசியண்ணேங்குறான்."

"கொல்லப் போறவன்யா அவன். கிடாய்க்கு மாலை போடுற மரியாதை அது."

"மாலை போட்டா நல்லாத்தான் இருக்கு" என்றான் தவசி.

"சரி, எங்கயாச்சும் போயிருவோம். பவுனைக் கூட்டிக்கிட்டு."

"மணந்துக்கிட்டே எங்கடி போறது?"

அவள் அங்கிருந்து நேராக மொக்கராசின் வீட்டுக்குப் போனாள். அவன் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு நின்றான். உறவில் அவனுக்கு அவள் தம்பி பெண்டாட்டி.

"மச்சான், கருத்தமலைய வெட்டுனது நீங்கன்னு எனக்குத் தெரியும். ஊருக்கும் உள்ளுக்குள்ள தெரியும். ஒரு வார்த்தை சொல்லிருங்க. மூணோட நாலு, உங்களைத் தொட ஒருத்தனும் வரப்போறதில்ல."

மொக்கராசு துப்பிவிட்டு வந்து சாவகாசமாக உட்கார்ந்தான். "நல்லா இருக்கு தாயி. என் தம்பிக்கு இப்பத்தான் ஊருக்குள்ள ஒரு பேரு வந்திருக்கு. அத நான் போய்ப் பிடுங்கிக்கிறதா? பாவமில்ல?"

"அவரு செத்துருவாரு மச்சான்."

"செத்தா என்ன, அவன் பொண்ணுக்கு நல்ல இடம் அமைஞ்சிருக்கில்ல. மனுஷன் எதுக்குச் சாகுறான்." அவன் வலது கையைத் தன் மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்து, ஏதோ யோசித்து, மறுபடியும் முகர்ந்தான். "எனக்கே வித்தியாசம் தெரியல போ."

பதினாலாம் நாள் விருமாயி ஊர்க்கூட்டம் கேட்டாள். ஒரு பெண் கேட்டதற்காகக் கூட்டம் கூடுவது அங்கே வழக்கமில்லை என்றாலும் வேடிக்கைக்காகக் கூடினார்கள். மந்தையில் எல்லோருக்கும் முன்னால் நின்று, மகள் கல்யாணம் நிற்கட்டும், என் மானம் போகட்டும், நான்தான் பிசினைத் தடவிவிட்டேன், என் புருஷன் ஈயைக்கூட ஊதித்தான் விரட்டுவான் என்று அவள் சொன்னபோது, முதலில் கொஞ்சம் சிரிப்பு கேட்டது, பிறகு அமைதியாயிற்று, ஏனென்றால் அவள் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று ஒரு கணம் பலருக்குத் தோன்றியது. தவசியை அவர்கள் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். அந்தக் கணத்தில் யாராவது எழுந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அரியநாயகம் எழுந்து, "சந்தேகத்த எதுக்கு வச்சுக்கணும்? எலுமிச்சம்பழம் கொண்டாங்கப்பா" என்றார்.

பெட்டிக்கடையிலிருந்து ஒரு கூடை வந்தது. தவசி புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டு நீட்டினான். அரியநாயகம் பிழியப் பிழிய மணம் ஏறியது; முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள், மந்தை வேம்பிலிருந்து காக்கைகள் எழுந்து போயின, கைப்பிள்ளை ஒன்று தொடர்ந்து தும்மியது. அரியநாயகம் கண்ணில் நீர் வழிய நிமிர்ந்து, தன் காலத்தில் இவ்வளவு சுத்தமான மணத்தைக் கண்டதில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

"தவசி, நீ சொல்லு" என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

தவசி மனைவியைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான், ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் இருமினான்.

"மதினி" என்றான் பெத்தணன், குரலை உயர்த்தாமல். "புருஷனைக் காப்பாத்த நீங்க பொய் சொல்றீங்க. எங்கண்ணன் பொண்டாட்டியா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருக்கும். எனக்கு உங்கமேல கோபமில்ல." நடந்ததைக் கேள்விப்பட்ட மாப்பிள்ளை வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள், நல்ல மனைவி என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உச்சி வெயிலில் பெத்தணன் இரண்டு சித்தப்பன் மகன்களோடு மில்லுக்கு வந்தான். அப்போது வடக்குவளவுப் பெண் ஒருத்தியின் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. அடுத்தவர் பண்டம் கல்லில் இருக்கும்போது மோட்டாரை நிறுத்தக்கூடாது என்பது மில்லின் முறை. மூவரும் அரிவாளைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று தும்மினார்கள். தவசி அவர்களைப் பார்த்தான், அவசரப்படவில்லை. கடைசித் தூளையும் தட்டி எடுத்துத் தூக்கில் நிரப்பி, "ஆறவச்சு மூடு தாயி, இல்லேன்னா நெறம் போயிரும்" என்று கொடுத்தான். பிறகு மோட்டாரை நிறுத்தினான்.

பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்றவன் அது நின்றதும் கல்லைப் பிடித்துக்கொண்டான்.

"பெத்தணா, நான் இல்லப்பா" என்றான். "அவ சொன்னது நெசம்பா. பிசினு. நான் ஒருத்தரையும் தொட்டதில்ல."

"கடைசில எல்லாரும் இதத்தான்ணே சொல்றாங்க" என்றான் பெத்தணன்.

முதல் வெட்டைத் தடுக்கத் தவசி தூக்கிய வலது கை முழங்கைக்குக் கீழே அறுந்து கம்பு மாவுக்குள் விழுந்து, விரல்கள் எதையோ பிசைவதுபோல இரண்டு தடவை மடங்கின. இரண்டாவது தோளில் இறங்கியது. மூன்றாவதில் அவன் கல்லின்மேல் சரிந்தான். நான்காவதும் ஐந்தாவதும் சித்தப்பன் மகன்கள் தங்கள் பங்குக்குப் போட்டவை, அவற்றுக்கு அவசியம் இருக்கவில்லை. தரையெல்லாம் மாவு இருந்ததால் ரத்தம் ஓடவில்லை, இருந்த இடத்திலேயே கட்டி கட்டியாக உறைந்தது. தகரங்களோடு நின்ற பெண்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள், ஒருத்தியும் தன் தகரத்தை விட்டுவிட்டு ஓடவில்லை. விருமாயி வந்து சேர்ந்தபோது மிளகாய்த் தூள் இன்னும் காற்றில் பறந்துகொண்டிருந்தது. அவள் அவன் தலையை மடியில் எடுத்து வைத்து, புருவத்தில் புதிதாகப் படிந்திருந்த மாவைத் தன் கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைக்கத் துடைக்கச் சிவந்தது.

அன்று மாலை வடக்குவளவு மொத்தமும் கருவேலங்காட்டுக்குப் போய்க் கருத்தமலையின் செடியைக் கொளுத்தியது. செடி பற்றவில்லை. எந்தக் கைச்சந்தனமும் பச்சையாக எரிகிற ஊரில், தீக்குச்சி வைத்த இடம் கறுத்தது, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், மண்ணெண்ணெய் எரிந்து முடிந்து செடி ஈரமாக நின்றது, ஒரு பூ கருகவில்லை. கூடியிருந்தவர்களில் ஒருவர் மண்ணெண்ணெயில் கலப்படம் என்றார், ஒருவர் போன வாரத்துத் தூறலைக் குறை சொன்னார், ஒருவர் நாள் சரியில்லை, அஷ்டமி என்றார், அஷ்டமிதான் என்று முடிவாகி வெள்ளிக்கிழமை மறுபடி கொளுத்திக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை வேறு வேலை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் மில்லுக்குள் கல்லுக்குப் பக்கத்தில் செடி நின்றது; மாவில் முளைத்ததால் தண்டு வெளுத்திருந்தது. பெத்தணன் தன் கையை முகர்ந்தான். மிளகாய். சித்தப்பன் மகன்கள் கையிலும் மிளகாய்தான். அரியநாயகம் மூவர் கையையும் மாற்றி மாற்றி முகர்ந்து தும்மிவிட்டு, மணமில்லை என்றார். பெத்தணனுக்குக் கோபம் வந்தது. "ஊரறிய வெட்டுனது நாங்க. பட்டப்பகல்ல, இத்தன பொம்பளைங்க சாட்சி. எங்க மணம் எங்கய்யா போச்சு?"

போன இடத்தைப் பவுனுதான் கண்டுபிடித்தாள். இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோய், எழுப்புவதற்காகக் கையைப் பிடித்தவள் அந்தக் கையைத் தன் மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். அப்புறம் மற்றக் கையையும். வலது இடது இரண்டும் மணந்தன, மணிக்கட்டுவரை, தவசிக்குப் பிசின் தேய்த்த அளவுக்கு. விருமாயி மகளின் முகத்தைப் பார்த்தாள். தன் கைகளைத் தானே முகர்ந்து பார்க்கவில்லை, மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"கஞ்சிய வச்சிட்டுப் போ" என்றாள்.

கேள்விப்பட்டு அரியநாயகம் நாற்காலியோடு வீட்டுக்கு வந்தார். மந்தையில் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள்: வெட்டிய கையிருக்க வெட்டாத கை எப்படி மணக்கும் என்று சிலர், செடி கத்தியை எண்ணுவதில்லை போலிருக்கிறது என்று சிலர், இரண்டு கையும் மணக்கிற ஆளை இதுவரை இந்த ஊர் கண்டதில்லை என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. மொக்கராசு தெருவில் விருமாயியைக் கண்டபோது மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

துக்கம் நடந்த வீடு என்பதால் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று விருமாயி ஆள் அனுப்பினாள். மாப்பிள்ளை வீட்டார் தள்ள வேண்டாம், வைகாசியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பதில் சொல்லி அனுப்பினார்கள். பெரியம்மா ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். தாலி கட்டுகிற இடத்தில் கைம்பெண்ணை நிறுத்தும் வழக்கம் இரண்டு ஊரிலும் இல்லை. வைகாசியில், மேளம் கொட்டும்போது, தாலியை விருமாயிதான் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.